கல்லாப்பெட்டிக்கு இந்தப் பக்கம்: ஞாயிற்றுக்கிழமை போமன்கள்

சுங்கை சிப்புட்டில் காடி சாமான் விற்கும் கடையில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டிய காடிகள் எல்லாம் முதலில் என் கடைக்குத்தான் வரும். காடியாக வராது, காடிக்காரரின் கையில் ஒரு துண்டாக வரும். சிலர் அந்தத் துண்டைக்கூடக் கொண்டு வரமாட்டார்கள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, "அக்கா, இவ்ளோ பெருசு, கறுப்பா ரப்பர் மாதிரி, நடுவுல ஓட்டை" என்பார்கள். கறுப்பு, ரப்பர், நடுவில் ஓட்டை என்றால் என் கடையில் பாதி அதுதான்.

வீட்டிலேயே போமன், அதாவது மெக்கானிக், ஆகிவிடுகிறவர்களின் ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர் பற்றி எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி மனைவிமார் எழுதியவை. மீதி, மனைவிமாருக்குத் தெரியாமல் கணவன்மார் எழுதியவை.

*

கேள்வி: என் வீட்டுக்காரர் வேலை ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பசியாறியதும் காடிக்கு அடியில் போய்ப் படுத்துவிடுகிறார். டார்ச்லைட் பிடிக்க என்னைக் கூப்பிடுகிறார். எங்கே பிடித்தாலும், "அங்க இல்ல, இங்க" என்று திட்டு விழுகிறது. "இங்க" என்பது எங்கே அக்கா?
— ஓர் இல்லத்தரசி, பீடோர்

அது அவருக்கும் தெரியாதும்மா. தெரிந்திருந்தால் பத்து நிமிஷத்தில் எழுந்து வந்திருப்பார். நட்டு திரும்பவில்லை என்றால் நட்டைத் திட்ட முடியாது, அதற்குக் காது கிடையாது. டார்ச் பிடிப்பவருக்கு இருக்கிறது. அந்த வேலைக்குத்தான் உங்களை எடுத்திருக்கிறார்கள்.

நானும் அதே உத்தியோகம் பார்த்தவள்தான். என் அப்பா தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பகலெல்லாம் கம்பெனி டிராக்டரும் லோரியும். சாயங்காலம் குளித்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு, லயத்துக்கு முன்னால் நிற்கும் எங்கள் டட்சன் 120ஒய்யின் பானெட்டைத் திறப்பார். வேலை முடிந்து வந்தவர் ஏன் மறுபடி அதே வேலை செய்கிறார் என்று அம்மா கேட்டதே இல்லை. பானெட்டைத் திறக்கிற மனுஷன் கள்ளுக்கடைக்குப் போகமாட்டான் என்பது அம்மாவின் கணக்கு.

அந்த பானெட் திறக்கும் சத்தம் கேட்டால் லயத்து ஆம்பிளைகள் ஒவ்வொருவராக வருவார்கள். பால் வெட்டுகிறவர், வேலை வாங்குகிற மண்டோர், ஆபீஸ் கணக்குப் பார்க்கிற பெரிய கிராணியின் டிரைவர். யாரும் யாரையும் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். கோயில் நடை திறந்தால்கூட அவ்வளவு சீக்கிரம் கூட்டம் சேராது. எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. அப்புறம் ஒருவர், "கார்புரேட்டரா இருக்கும்" என்பார். பெட்ரோலில் காற்றைக் கலக்குவதுதான் அதன் வேலை. ஆனால் ஹார்ன் அடிக்காவிட்டாலும் கார்புரேட்டர்தான். ஒரு தடவை பின் கதவு மூடவில்லை, அதற்கும் கார்புரேட்டர் என்று ஒருவர் சொல்லி, மற்றவர்கள் தலையாட்டியதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

அப்பா எதற்கும் பதில் சொல்லமாட்டார். கையை மட்டும் பின்னால் நீட்டி, "பன்னெண்டு" என்பார். நான் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பெனரை வைக்க வேண்டும். வாய்ப்பாடு படிப்பதற்கு முன்னால் நான் படித்தது இதைத்தான்: எட்டு, பத்து, பன்னெண்டு, பதினாலு, பதினேழு. பள்ளிக்கூடத்தில் எட்டிலிருந்து எண்ணச் சொன்னபோது அப்படியே சொல்லி முழங்காலுக்குக் கீழே இரண்டு அடி வாங்கினேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். தலையில் மாட்டுகிற விளக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வெளிச்சம் அவர் பார்க்கிற பக்கமே போகும். திட்ட வேண்டுமென்றால் தன்னையே திட்டிக்கொள்ளட்டும்.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காடி எதன் மேல் நிற்கிறது என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். இதில் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. காடியோடு கொடுக்கும் ஜேக் டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பி ஆள் உள்ளே படுக்கக்கூடாது. கொஞ்சம் சாய்ந்தாலும் மடங்கிவிடும். சுவர் கட்டுகிற செங்கல், ஓட்டைக் கல் எதுவும் ஆகாது. பாரம் ஒரு மூலையில் விழுந்தால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாங்க வேண்டும், சிமெண்டுத் தரையில் வைக்க வேண்டும், தரையில் நிற்கிற டயருக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். எல்லாம் ஆன பிறகு காடியை இரண்டு கையாலும் நன்றாக ஆட்டிப் பார்க்க வேண்டும். விழுவதாக இருந்தால் அப்போதே விழட்டும். ஸ்டாண்ட் வாங்க மாட்டேன் என்று அடம் பிடித்தால், நீங்கள் டார்ச் பிடிக்க மாட்டேன் என்று அடம் பிடியுங்கள்.

*

கேள்வி: மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும் நண்பர் ஒருவர், "நம்ம நாடு சூடான நாடு. தெர்மோஸ்டாட் குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் வேண்டும். கழற்றித் தூக்கிப் போடு" என்றார். கழற்றிவிட்டேன். இப்போது பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
— பள்ளி ஆசிரியர், தெலுக் இந்தான்

உண்டு சார். கழற்றியதைத் தூக்கிப் போட்டிருந்தால் என் கடையில் புதுசு இருக்கிறது. உங்கள் நண்பரைப் போல பத்துப் பேர் இந்த வட்டாரத்தில் இருந்தால் போதும், என் கடை வாடகை வந்துவிடும்.

நம் ஊர் வெயில் எவ்வளவு? 33, 34 டிகிரி. அதில் நமக்கு வேர்த்து ஊற்றுகிறது. இன்ஜினுக்கு அது குளிர்காலம். அது நன்றாக ஓடுவதற்குத் தண்ணீர் 80, 90 டிகிரிக்கு வர வேண்டும். தெர்மோஸ்டாட் என்பது ஒரு சின்னக் கதவு. உள்ளே மெழுகு இருக்கிறது. பெரும்பாலான காடிகளில் 82 டிகிரி வாக்கில் அந்த மெழுகு உருகிப் பெருத்துக் கதவைத் தள்ளும். அதுவரை தண்ணீர் ரேடியேட்டர் பக்கம் போகாது, இன்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சூடேறும். கதவையே பிடுங்கிவிட்டால் ஸ்டார்ட் செய்த நிமிஷத்திலிருந்து தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து குளிர்ந்து வருகிறது. "இன்னும் சூடாகவில்லை போலிருக்கிறது" என்று இன்ஜின் நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொள்கிறது. ஆயிலும் சரியாகச் சூடாகாது. அதில் சேர்கிற ஈரம் ஆவியாகிப் போகாமல் தங்கி, ஆயில் மூடிக்கு அடியில் காப்பி நுரை மாதிரி படியும். மூடியைத் திறந்து பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

உங்கள் நண்பரும் சும்மா சொல்லியிருக்கமாட்டார். எப்போதோ ஒரு நாள் அவர் காடி ரோட்டில் கொதித்திருக்கும். தெர்மோஸ்டாட் பழசாகி மூடியபடியே சிக்கிக்கொண்டிருக்கும். கழற்றினார், கொதிப்பு நின்றது. அன்றிலிருந்து அவர் டாக்டராகிவிட்டார். கதவு சிக்கினால் கதவை மாற்றுவார்களா, கதவே இல்லாமல் வீட்டை விடுவார்களா?

இதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காடி கொதித்தால் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அந்த மூடியில் 0.9 என்று ஒரு நம்பர் போட்டிருக்கும். அந்த அளவு அழுத்தம் வரை அது திறக்காமல் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் உள்ளே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 118 வரைக்கும் தாங்குகிறது. நீங்கள் மூடியைத் திருகியதும் அழுத்தம் போய்விடும், அவ்வளவு தண்ணீரும் ஒரே மூச்சில் கொதித்து முகத்துக்கு வரும். அரை மணி நேரம் மரத்தடியில் நில்லுங்கள். வேண்டுமானால் நண்பருக்குப் போன் போட்டுத் திட்டுங்கள், நேரம் போகும்.

*

கேள்வி: வயது 22. புது மைவி காடி வாங்கியிருக்கிறேன். எக்ஸாஸ்டை மாற்றிப் பெரிய சத்தம் வருகிற மாதிரி போட்டால் பிக்-அப் கூடுமா?
— இளைஞர், லூனாஸ்

கூடாது தம்பி. சத்தம்தான் கூடும். ஜே.பி.ஜே. என்கிற சாலைப் போக்குவரத்து இலாகாவின் சம்மனும் கூடும். விடியற்காலை நாலு மணிக்கு நீ வீடு திரும்பியது தாமான் முழுக்கத் தெரியும், உன் அம்மா உட்பட. அந்தக் காசுக்கு நல்ல டயர் நாலு போடு.

*

கேள்வி: அக்கா எப்போதும் ஆண்களைக் கேலி செய்கிறீர்கள். நான் என் காடிக்கு ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது எல்லாம் நானே செய்கிறேன். எவ்வளவு மிச்சம் என்று உங்களுக்குத் தெரியுமா?
— சொந்தக் கையில் நம்பிக்கை உள்ளவர், பாடாங் செராய்

தெரியும் அண்ணே. சந்தோஷமும்தான். ஆயில் மாற்றத் தெரிந்த ஆளை நான் கேலி செய்யமாட்டேன். தான் ஊற்றிய ஆயில் எது என்று அவருக்காவது தெரியும். ஆனால் மிச்சம் என்று வந்துவிட்டால் கணக்கை முழுசாகப் போட வேண்டும் இல்லையா.

என் கடைக்கு வாடிக்கையாக வருகிற ஒருவர், பெயர் வேண்டாம், நல்ல மனுஷர், வீட்டிலேயே ஆயில் மாற்றினார். கூலி 20 வெள்ளி மிச்சம். அடியில் இருக்கிற வடிகால் போல்ட்டைத் திரும்பப் போடும்போது, "ஒழுகிவிடக் கூடாது" என்று ஸ்பெனருக்குப் பின்னால் ஒரு முழ நீளத்துக்குத் தண்ணிக் குழாயைச் செருகி இறுக்கியிருக்கிறார். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டின கை. போல்ட் ஒரு தடவை "க்ளிக்" என்றதாம். நன்றாக இறுகிவிட்டது என்று நினைத்து இன்னும் ஒரு சுற்று கொடுத்திருக்கிறார். அது இறுகின சத்தம் இல்லை, மறை கழன்ற சத்தம்.

மறுநாள் காலை காடிக்கு அடியில் கறுப்பாக ஒரு குளம். என்னிடம் ஓடி வந்தார். முதலில் ஒரு சைஸ் பெரிய போல்ட் வாங்கினார். அதைக் கோணலாக ஏற்றி மிச்ச மறையையும் எடுத்தார். அடுத்து, பைப்புக்குச் சுற்றுகிற வெள்ளை டேப். அப்புறம் ஏதோ பசை, அதை நான் விற்கவில்லை, ஹார்ட்வேர் கடையில் வாங்கினார். மூன்றாம் நாள் ஆயில் தட்டையே மாற்ற வேண்டி வந்தது. தட்டு, கேஸ்கெட், மறுபடியும் ஆயில், இழுத்துப் போன லோரி, கடைசியில் ஒர்க்‌ஷாப் கூலி என்று எல்லாம் சேர்த்து 400 வெள்ளியைத் தாண்டிவிட்டது. 20 வெள்ளி மிச்சம் பிடித்ததற்கு.

அவர் மனைவி கல்லாவுக்கு முன்னால் நின்று கேட்டார், "மறை கழன்றது போல்ட்டுக்கா, இவருக்கா?" நான் பில் எழுதிக்கொண்டிருந்தேன், நிமிரவே இல்லை.

அந்த போல்ட்டுக்கு உங்கள் பலம் வேண்டாம் அண்ணே. கையால் போகிற வரை திருகுங்கள். வழுவழு என்று ஏற வேண்டும். முதல் சுற்றிலேயே முரண்டு பிடித்தால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசு போடுங்கள், இரண்டு வெள்ளிகூட ஆகாது. ஒழுகாமல் பிடிப்பது அந்த வாஷர்தான், உங்கள் புஜம் இல்லை. ஸ்பெனரை போல்ட்டின் தலைக்குப் பக்கத்தில் பிடித்து ஓர் இறுக்கு, போதும்.

பிரேக்கைப் பற்றி இரண்டே வார்த்தை. பேட் மாற்றியதும் காடியை எடுக்காதீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே பெடலை நாலைந்து தடவை மிதித்து, காலுக்குக் கெட்டியாக வருகிறதா பாருங்கள். புது பேட் போட, பேட்டைத் தள்ளுகிற பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். அது திரும்ப வெளியே வருகிற வரை முதல் மிதி வெறும் மிதிதான். இதை மறந்துவிட்டு வீட்டுக் கேட்டோடு ரோட்டுக்குப் போனவர் ஒருவரையும் எனக்குத் தெரியும். அவருக்கு பேட் நான் விற்றேன். கேட் வேறு கடை.

*

கேள்வி: கணவர் தினமும் சாயங்காலம் அவருடைய கஞ்சில் காடியைத் துடைக்கிறார். நான் மூக்குக் கண்ணாடி மாற்றி மூன்று வாரம் ஆகிறது, இன்னும் கவனிக்கவில்லை.
— மனைவி, தாப்பா

ஒரு வாரம் நீங்கள் ஏதாவது புதுசாகச் சத்தம் போட்டுப் பாருங்கள். இடது பக்கத்திலிருந்து, விட்டு விட்டு வருகிற மாதிரி. உடனே எழுந்து வந்து தலையைச் சாய்த்துக் கேட்பார்.

*

கேள்வி: தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். 1986-இல் வாங்கிய புரோட்டோன் சாகா காடி இன்னும் என்னிடம் இருக்கிறது. மகன் கோலாலம்பூரிலிருந்து வரும்போதெல்லாம், "அப்பா, இதை இரும்புக்குப் போட்டுவிடுங்கள்" என்கிறான். வைத்திருக்கலாமா, விற்றுவிடலாமா? சாமான் கிடைக்குமா?
— பழைய கிராணி, சுங்கை சிப்புட்

கிராணி ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் கடையை மூடிவிட்டு வந்து அந்தக் காடியைப் பார்க்கலாமா என்று தோன்றியது.

1985 ஜூலை 9-இல் நம் நாட்டுத் தேசியக் காடியாக முதல் சாகா வந்தபோது நம் ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் பினாங்குப் பாலத்தைத் திறந்தபோது பிரதமர் மகாதீர் சிவப்புச் சாகாவைத் தாமே ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். உள்ளே இருந்தது மிட்சுபிஷி லான்சரின் உடம்பும் அதே கம்பெனியின் இன்ஜினும்தான். அதைச் சொல்லிச் சிரித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் தோட்டத்தில் மேனேஜருக்கு மட்டும்தான் புதுக் காடி, மற்றவர்களுக்கு மூன்று கை மாறி வந்த மோரிஸும் டட்சனும் என்றிருந்த காலம் அது. கிராணி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சீட்டோடு ஒரு காடி வந்து நின்றால் அது சின்ன விஷயமா? எங்கள் தோட்டத்தில் முதல் சாகா வந்த அன்று எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்து, கோயிலைச் சுற்றி வந்தார்கள். அப்பா பூசைக்கு நிற்கவில்லை. பானெட்டைத் திறந்து காட்டச் சொன்னார். சொந்தக்காரர் திறக்கத் தெரியாமல் தடுமாற, அப்பாவே உள்ளே கைவிட்டு நெம்பைத் தேடி இழுத்தார். வழக்கம்போல் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். புது இன்ஜின், பளபள என்று இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ரொம்ப நேரம் கழித்து மண்டோர்தான், "கார்புரேட்டர் நல்லா இருக்கு" என்றார்.

மலாயில் சாகா என்பது மஞ்சாடி விதை. நம் ஆசாரிகள் பொன் நிறுத்த வைத்திருந்தார்களே, அந்தச் சிவப்பு விதை. தமிழ்க் காதில் அந்தப் பேர் எப்படி விழும் என்று பேர் வைத்தவர்கள் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். பேரிலேயே சாகாது என்று எழுதி வைத்திருக்கிற காடியை இரும்புக்குப் போட உங்கள் மகனுக்கு எப்படி மனசு வருகிறது?

சாமான் கிடைக்கும். இன்ஜின் பக்கம் கவலையே வேண்டாம், அந்த வகை இன்ஜினைப் பின்னால் வந்த காடிகளிலும் போட்டார்கள். கிளட்ச், பிரேக், வாட்டர் பம்ப், கேஸ்கெட் எல்லாம் என் அலமாரியிலேயே இருக்கிறது. கஷ்டம் கொடுப்பது உள் அலங்காரம்தான். டேஷ்போர்டு, கதவுக் கைப்பிடி, முன் கிரில். அதற்குப் பழைய காடியை வெட்டிச் சாமான் விற்கிற கடைகளில் தேட வேண்டும். ஈப்போ பக்கம் போனால், பின்னால் குவித்து வைத்திருக்கிற குப்பைக்குள் இறங்கி நீங்களே பொறுக்கிக்கொள்ள விடுவார்கள். பழைய சட்டை போட்டுக்கொண்டு போங்கள். தண்ணிப் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு கைப்பிடிக்காகப் போய் நாலு கைப்பிடி, இரண்டு விளக்கு, ஒரு முழுக் கதவோடு திரும்பி வருவீர்கள். வீட்டம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதலில் டைமிங் பெல்ட், அதாவது இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற ரப்பர் வார், எப்போது மாற்றினீர்கள் என்று பாருங்கள். ஞாபகம் இல்லையென்றால் மாற்றிவிடுங்கள். ஓடாமல் நின்ற காடிக்கும் ரப்பர் வயசாகும். பெட்ரோல் ஹோஸையும் அப்படியே விரலால் வளைத்துப் பாருங்கள். முகத்துச் சுருக்கம் மாதிரி வெடிப்புத் தெரிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும், அது சூடான இன்ஜினுக்கு மேலேதான் போகிறது. தண்ணீருக்குப் பதில் கூலண்ட் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் இந்த வயசுக் காடிகளுக்கு உள்ளே துருப்பிடிக்கிறது. வாரத்துக்கு ஒரு நாளாவது கோலகங்சார் ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். வாசலிலேயே நிறுத்தி இன்ஜினை உறும விடுவது ஓட்டமாகாது.

மகனிடம் ஒன்றும் வாதாட வேண்டாம். அடுத்த தடவை அவர் வரும்போது பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு நீங்கள் உள்ளே போய்த் தேத்தண்ணி குடியுங்கள்.

நாளைக்கே கடைக்கு வாருங்கள், ஐயா. அந்த இன்ஜினில் 8 வால்வும் உண்டு, 12 வால்வும் உண்டு, சாமான் மாறிப் போகும். அதனால் கழற்றின பழசைக் கையோடு கொண்டு வாருங்கள். இவ்வளவு பெருசு என்று நீங்களும் விரலை விரித்துக் காட்டினால், கிராணி என்றுகூடப் பார்க்காமல் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன்.